வேன் போன பிறகு

காலை ஏழே முக்காலுக்குக் கடைசி வேன் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பியதும் எங்கள் தெரு அடங்கிவிடும். அதுவரைக்கும் குக்கர் சத்தம், தலை பின்னும் அவசரம், குடம் நிரம்பி வழிவது, ஒற்றைச் செருப்பைத் தேடி அழுகிற பிள்ளை. ஆண்கள் அதற்கு முன்பே பைக்கில் டேனரிக்குப் போயிருப்பார்கள். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஈரத்தலையோடு புளியமரத்தடியில் நின்று, ஒரு கையில் டிபன் பையும் இன்னொரு கையில் செல்போனுமாக ஏறிப் போய்விடுவார்கள். பிறகு மிஞ்சுவது திண்ணைகளும் திண்ணைகளில் இருப்பவர்களும்தான். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்த வருஷம் நான் சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம் அங்கே இருந்தேன். ஆம்பூருக்கும் பேர்ணாம்பட்டுக்கும் நடுவில், காற்று திரும்பினால் பச்சைத்தோல் வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற ஊர். வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எதிர்வீட்டு ஆயா முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டது: "எல்லாரும் பூட்டாங்க. நீ இன்னாத்துக்கு இங்க கீற?"

கோபமாகவோ குத்தலாகவோ கேட்கவில்லை. ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா என்று விசாரிப்பதுபோல்தான் கேட்டது. அம்மாவுக்குத் துணையாக வந்திருக்கிறேன், லேப்டாப்பில் மெய்ப்பு பார்க்கிற வேலை, எங்கே இருந்தாலும் செய்யலாம் என்றெல்லாம் சொன்னேன். "அது செரி" என்றது ஆயா. என் பதிலை அது எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பகலில் தெருவில் யார் யார் இருக்கலாம் என்பதற்கு அதனிடம் ஒரு கணக்கு இருந்தது. வயதானவர்கள், பால்வாடிக்குப் போகாத பிள்ளைகள், பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், காய்ச்சலில் படுத்தவன், ஆடு, கோழி. 39 வயதில், கைகால் சுகத்தோடு, மடியில் குழந்தையும் இல்லாமல், பகல் பதினொரு மணிக்கு வாசலில் நிற்கிறவள் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. வயசுப் புள்ள பகலில் வீட்டில் இருந்தால் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கட்டினவன் விட்டுவிட்டான், கம்பெனியில் தகராறு, குடி, இல்லையென்றால் தலையில் கோளாறு. இவற்றில் என்னுடையது எது என்றுதான் ஆயா கேட்டது என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அம்மாவுக்கு வெந்நீர் எடுத்து வைக்கும்போது, கொடியில் துணி காயப்போடும்போது, ஏதாவது பாடநூலின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று எழுந்து நிற்கும். இப்போது சென்னைக்குத் திரும்பி வந்த பிறகும் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நாட்களில் எங்கள் தெருவையே ஒரு முதியோர் குடியிருப்பாகப் பார்க்கத் தொடங்கினேன். கேட் இல்லை, போர்டு இல்லை, நர்ஸ் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. ஆனால் காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை அது அப்படித்தான் இருந்தது. யாரும் திட்டம் போட்டுக் கட்டியதில்லை. என் தாத்தா காலத்தில் இந்தத் தெருவில் பகலில் எல்லா வயதும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொல்லி, கொல்லியில் கிணறு, கிணற்றைச் சுற்றித் தென்னை, வேர்க்கடலை, ஒரு போகம் நெல். அறுபது வயதுக்காரர் மடை திருப்புவார், இருபது வயதுக்காரன் ஏர் ஓட்டுவான், பத்து வயதுப் பிள்ளை குருவி விரட்டும். பிறகு பாலாற்றின் இரு கரையிலும் டேனரிக் கழிவுநீர் இறங்கிக் கிணறுகளில் உப்பு ஏறியது. தேங்காய் எலுமிச்சை அளவுக்குச் சிறுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற விதியை இந்தியச் சட்டத்துக்குள் ஊன்றிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இதை நான் இங்கே சொல்வது மாசு பற்றிப் பேசுவதற்காக இல்லை. 35,000 ஹெக்டேர் என்பது எத்தனையோ ஆயிரம் வீடுகளில் மகனும் மகளும் பகலில் இருப்பதற்கு இருந்த காரணம். அந்தக் காரணம் போனது. நிலத்தைக் கெடுத்த தொழிலே வேனும் அனுப்பியது. வேனில் ஏற முடியாத வயதினர் தெருவில் நின்றார்கள். முதியோர் இல்லம் என்றால் பிள்ளைகள் பெற்றோரைக் கொண்டுபோய் விடுகிற இடம் என்று நினைத்திருக்கிறோம். இங்கே யாரும் யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. முதியோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், அவர்களைச் சுற்றியிருந்த வயதுகள்தான் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

ஆயாவின் கேள்வியை முதலில் நிறுத்தியது ஒரு தாத்தாவின் விரல்கள். நான்காம் வீட்டுத் தாத்தா டேனரியில் 27 வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். தோலை ஊறவைத்து மயிர் கழற்றுகிற இடம். கையுறை என்பதை அவர் கடைசி மூன்று வருஷத்தில்தான் பார்த்தாராம். அந்த ஊரில் பி.எப். பிடித்த அபூர்வமான சிலரில் ஒருவர் என்பதால் 1995-ஆம் வருஷத் திட்டத்தின்படி ஓய்வூதியம் வருகிறது. 2014-இலிருந்து அதற்குக் குறைந்தபட்சத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். அவருக்கு வருவதும் அந்த ஆயிரம்தான். அதற்காக வருஷத்துக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். மெஷின் எடுக்கவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்த்து வைத்தார், கன்னத்தில் தேய்த்து வைத்தார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். இரண்டு நாள் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நான் அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் கோடுகள் ஆழமாக, கறுத்து, வெடித்துக் கிடந்தன. விரல் நுனிகளில் மட்டும் ஒன்றுமே இல்லை. கரைந்து முடியப்போகிற சோப்புத் துண்டுபோல வழவழவென்று, வெளிச்சம் பட்டால் லேசாகப் பளபளத்தன. சுண்ணாம்பு அந்தக் கையிலிருந்து ரேகையை எடுத்துக்கொண்டுவிட்டது. முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்று எடுக்கிற வசதி 2021 முதல் செல்போனில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பென்ஷன் ஆர்டர் நம்பரைத் தேடி எடுத்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக அவரை உட்கார வைத்து, போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணை மூடித் திறக்கச் சொல்லும். அவருக்கு ஒரு கண்ணில் புரை. மூடினால் திறக்க நேரமாகிறது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ எடுத்துக்கொண்டது. "ஒத்துக்கிச்சா பாப்பா?" என்றார். "ஒத்துக்கிச்சு தாத்தா." போனை வாங்கி அதில் இருந்த தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இல்லை, வேறு யாரையோ அடையாளம் கண்டுபிடிக்க முயல்வதுபோல.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாளிலிருந்து என்னிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஓ.ஏ.பி. பணம் 1,200 ஏறிவிட்டதா பார், மாத்திரை அட்டையில் காலைக்கு எது ராத்திரிக்கு எது சொல், துபாயில் இருக்கிற பேரனுக்கு வீடியோ போடு, கேஸ் புக் பண்ணு, ஓ.டி.பி. என்று ஒன்று வந்திருக்கிறதாம் அதை யாருக்குச் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடு. ஆயா அதன்பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஏதோ உறுத்தியது, அது எதுவென்று பிடிபட நாளானது. கேள்விக்குப் பதில் கிடைத்ததால் அது நிற்கவில்லை. என்னை வைத்துச் செய்ய ஒரு காரியம் கிடைத்ததால் நின்றது. வயதானவர்களுக்கு நடுவில் ஓர் இளையவள் இருக்கலாம், கண்ணாக, விரலாக, ஓடிப்போய்ச் சோடா வாங்கி வருகிற காலாக. வெறுமனே ஒரு ஆளாக இருக்கலாமா? மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்றும் செய்யாமல் திண்ணையில் சாய்ந்திருக்கிறவர்களோடு நானும் ஒன்றும் செய்யாமல் சாய்ந்திருக்கலாமா? ஒருநாள் முயன்று பார்த்தேன். ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று பேர் உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டார்கள்.

என்னோடு படித்த ஒருத்தியின் அம்மா, வேலூரில் 34 வருஷம் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர், இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கிப் போய்விட்டார். தமிழ்நாட்டில் இந்த மாதிரிக் குடியிருப்புகள் அதிகம் முளைத்திருப்பது அந்த ஊரைச் சுற்றித்தான். புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவருக்காவது ஐம்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகள் வந்து தங்கலாம், ஆனால் இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் தங்கினால் ஆபீசிலிருந்து மரியாதையாக ஞாபகப்படுத்துவார்கள். முதல்முறை அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சில் தைத்தது. பெற்ற மகள் தன் அம்மாவின் வீட்டில் எத்தனை ராத்திரி தூங்கலாம் என்பதற்கு ஒரு ரிஜிஸ்டரா என்று. டீச்சரிடமே கேட்டேன். அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "முப்பத்தி நாலு வருஷம் டீச்சர், நாப்பது வருஷம் அம்மா. இங்க வந்தப்புறம்தாம்மா யாரும் என்னைப் பாத்து எழுந்து நிக்கிறதும் இல்ல, எங்கிட்ட எதுவும் எதிர்பாக்கிறதும் இல்ல. ஒரு புள்ள உள்ள வந்துட்டா நான் மறுபடி அம்மாவாயிடுவேன். சாப்ட்டியான்னு கேப்பேன். கேக்காம இருக்க முடியாது என்னால." முதியவர்கள் இளையவர்களை வேண்டாம் என்று சொல்வதில் வெறுப்பு இருக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அது தன்னையே தள்ளி நின்று காப்பாற்றிக்கொள்வதாகவும் இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. இளையவர் ஒருவர் அறைக்குள் வந்ததும் மற்ற அத்தனை பேருக்கும் வயதாகிவிடுகிறது. எல்லாரும் எழுபதாக இருக்கிற இடத்தில் யாருக்கும் எழுபது இல்லை.

இந்த ஏக்கம் டீச்சரோடு பிறந்ததும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் சன் சிட்டி என்ற ஊரை 1960 ஜனவரி முதல் தேதி முதியோருக்காக என்றே திறந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஊர். பின்னால் 1988-இல் குழந்தைகள் இருக்கிற குடும்பத்துக்கு வீடு மறுக்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் வந்தபோது முதியோர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்குக்கு வகுத்த அளவு என்னவென்றால், ஒரு குடியிருப்பில் குறைந்தது 80 சதவீத வீடுகளிலாவது 55 வயது ஆன ஒருவராவது இருக்க வேண்டும். மீதி 20 சதவீதத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அந்த 20 சதவீதத்தின் மேல்தான் கண் போகிறது. புருஷன் இறந்து, ஐம்பது வயதில் தனித்து நிற்கிற இரண்டாம் மனைவி அதில் இருப்பாள். நடக்க முடியாத தாயைப் பார்த்துக்கொள்ள வந்து, தாய் போன பிறகு போக இடமில்லாமல் நின்றுவிட்ட மகன் இருப்பான். எவ்வளவு கறாராகக் கோடு போட்டாலும் கோட்டுக்கு உள்ளே இளையவர் ஒருவர் வந்துதான் தீருவார் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கோயம்புத்தூரில் இளையவர் இருக்கக் கூடாது. வேலூரில் இளையவர் இல்லாமல் இருக்கக் கூடாது. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக வேலூரில் இருந்த பன்னிரண்டு நாளில் இதை நேரில் பார்த்தேன். ஐடா ஸ்கட்டர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி.யைச் சுற்றி, காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் அதன் சந்துகளிலும் லாட்ஜுகள். போர்டுகளில் வங்காள எழுத்து, காற்றில் கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசம். மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ முதியவர்கள் வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஒவ்வொரு முதியவர் பக்கத்திலும் ஓர் இளையவர். எந்தக் கவுன்ட்டருக்குப் போனாலும் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்கீங்க?" என்பதுதான். தனியாக வந்த முதியவர் அங்கே பாதி ஆள். எங்கள் பக்கத்து அறையில் வங்காளத்து இளைஞன் ஒருவன் தாத்தாவோடு இருந்தான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். காலையில் ரத்தம் எடுக்க வரிசை, பகலில் ஸ்கேனுக்கு வரிசை, சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவான். ஊரில் ஒரு மொபைல் கடையில் இருந்த வேலை போய்விட்டதாம். இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவன் தாத்தாவைத் தூக்கி உட்கார வைக்கிற பதனம் என் கையில் இல்லை. அதே சமயம், ராத்திரி ஒரு மணிக்கு வராண்டாவில் போனில் யாரிடமோ அடிக்குரலில் அழுதுகொண்டிருந்ததையும் பார்த்தேன். முதியவர் பக்கத்தில் இளையவர் இருக்க வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவன் அங்கே இருந்த இரண்டு மாதம் அவனுடைய இருபத்து மூன்றாம் வயதிலிருந்து எடுத்த இரண்டு மாதம். அதை யாரும் திருப்பித் தரப் போவதில்லை, அவனும் கேட்கப் போவதில்லை. என் எட்டு மாதத்தைப் பற்றியும் நான் அப்படியே இருக்க விரும்பினேன். எப்போதும் முடியவில்லை.

அரசாங்கமும் இதைப் பற்றி யோசித்துத்தான் இருக்கிறது, தன் வழியில். 2007-ஆம் வருஷப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது வேண்டும், அதில் ஆதரவற்ற 150 பேராவது தங்க இடம் வேண்டும் என்கிறது. நூற்றைம்பது முதியவர்கள், ஒரே கூரை. இன்னொரு பக்கம் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த வளாகம் என்று ஒரு திட்டம். ஆதரவற்ற முதியோர் 25 பேர், ஆதரவற்ற குழந்தைகள் 25 பேர், ஒரே வளாகம். தாத்தா பாட்டி இல்லாத குழந்தைக்குத் தாத்தா பாட்டி, பேரன் பேத்தி இல்லாதவர்களுக்குப் பேரன் பேத்தி. மனசு இருந்த யாரோ ஒருவர் யோசித்த திட்டம் இது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த 25, 25 என்ற கணக்கை முதலில் படித்தபோது எனக்கு எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. காலை எட்டு மணிக்கு மேல் இங்கே இருப்பதும் இதே கணக்குதான். இரண்டு ஓரங்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். நடுவில் இருந்த துணியைக் காணோம். நடு வயதுக்காரர் சம்பளம் வாங்குகிற ஊழியராக மட்டும் அந்த வளாகத்துக்குள் வரலாம். நெதர்லாந்தில் டெவன்ட்டர் என்ற ஊரில் ஹ்யூமனிடாஸ் என்ற முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்களை வாடகை இல்லாமல் குடிவைக்கிறார்கள். பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் நல்ல பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. முப்பது மணி நேரம் முடிந்தால் அந்த மாணவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கலாம், யாரும் உடம்புக்கு என்ன என்று கேட்கப் போவதில்லை. கடனை அளந்துவிட்டால் மிச்ச நேரமெல்லாம் சும்மா இருக்கலாம். நம் வீடுகளில் கடனை அளப்பது பாவம் என்று வைத்திருக்கிறோம். அதனாலேயே அது ஒருநாளும் தீர்வதில்லை.

இதை எழுதும்போதே எனக்குள் எதிர்ப்பேச்சு எழுகிறது. ஆயாவின் கேள்வியை நான் என் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு ஒன்றும் தெரிகிறது. தெருவின் கடைசி வீட்டில் ஒரு பெரியம்மாவுக்கு நாற்பது வயது மகன். வேலைக்குப் போவதில்லை. அந்தப் பெரியம்மா ஓ.ஏ.பி. பணத்தை அரிசிக் குவளைக்குள், அரிசிக்கு நடுவில், மருந்துச் சீட்டில் சுற்றிப் புதைத்து வைக்கும். நான் பேங்கிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தால் எங்கள் வீட்டிலேயே புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டு, அவன் தூங்கிவிட்டானா என்று என்னைப் பார்த்துவரச் சொல்லும். வீட்டைச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டுக் கூடத்தில் ஒதுக்குப்புறமாகப் பாய் போட்டுப் படுத்திருக்கிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு அப்படி எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது என்றால், எத்தனை பேர் அப்படி ஏமாந்த பிறகு அந்தப் பிரிவு வந்திருக்கும். முதியவர்கள் இருக்கிற இடத்தில் பகலில் ஓர் இளையவர் காரணமில்லாமல் நின்றால், அவர் எதையோ எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று பயப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. "நீ இன்னாத்துக்கு இங்க கீற?" என்றால் "எதை எடுக்க வந்திருக்கிறாய்?" என்றும் பொருள். என்னை வெறும் கருவியாக வைத்துக்கொண்டார்களே என்று நான் வருந்தியதில் எனக்கு இப்போது அவ்வளவு உறுதி இல்லை. கருவியாக வைத்துக்கொள்வது அவர்கள் என்னைச் சோதித்துப் பார்த்த முறையாகவும் இருந்திருக்கலாம். பணத்தை எண்ணிக் கொடுக்கிற கை ஒருதரம், இருதரம், பத்துதரம் சரியாகக் கொடுத்தால்தான் அந்தக் கை சும்மா திண்ணையில் கிடக்கலாம்.

இதற்குள்ளேயே இன்னொரு குழப்பம் இருக்கிறது. நான் முதியவர், இளையவர் என்று எழுதிக்கொண்டே வருகிறேன். சட்டத்துக்கு அறுபது. பி.எப். ஓய்வூதியத்துக்கு ஐம்பத்தெட்டு. 2021-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபது கடந்தவர்கள் என்றும் 2031-இல் அது 18.2 சதவீதம் ஆகும் என்றும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்தக் கணக்கில் வராத ஒரு முதுமை எங்கள் ஊரில் இருக்கிறது. ஷூ கம்பெனி ஸ்டிட்சிங் லைனில் ஒரு பெண் தையல் மெஷினில் குனிந்தால் ஒரு நாளைக்கு இத்தனை ஜோடி அப்பர் என்று டார்கெட். பதினெட்டு வயதில் சேர்ந்தவளுக்கு முப்பத்தைந்தில் கழுத்து பிடிக்கிறது, நாற்பதில் ஊசிக் கண் மங்குகிறது, சொல்யூஷன் வாடையில் தலைவலி நிரந்தரமாகிவிடுகிறது. நாற்பத்தைந்தில் லைனை விட்டு எடுத்து, நூல் வெட்டவோ துடைக்கவோ உட்கார வைப்பார்கள். பிறகு அதுவும் இல்லை. டேனரியில் டிரம் பக்கம் நின்ற ஆண்களுக்கு மூச்சு இன்னும் சீக்கிரம் போகிறது. சுண்ணாம்புத் தொட்டித் தாத்தாவுக்கு ஆதார் கார்டின்படி வயது 61. நான் அவரை எழுபத்தைந்து என்று நினைத்திருந்தேன். என்னைவிட இருபத்திரண்டு வயதுதான் பெரியவர். சென்னையில் என் அலுவலகத்தில் அந்த வயதில் ஒருவர் மாரத்தான் ஓடுகிறார். முதியோர் குடியிருப்பில் இளையவர் இருக்கலாமா என்று கேட்கிறவர்கள் வயது என்பது பிறந்த தேதியில் இருக்கிறது என்று நம்புகிறார்கள். இங்கே வயதைச் சொல்வது வேன். வேன் ஏற்றிக்கொண்டு போனால் இளையவர், விட்டுவிட்டுப் போனால் முதியவர்.

ஏழாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கிற அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தது. நான் அந்த அக்காவை அந்த நேரத்தில் அங்கே பார்த்ததே இல்லை. 46 வயது. இருபத்தைந்து வருஷமாக வேனில் முன் சீட்டு. பெருக்கி முடித்துவிட்டு உள்ளே போனது, கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து அதே வாசலை மறுபடி பெருக்கியது. திங்கட்கிழமையோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆர்டர் குறைந்துவிட்டதாம். ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. எனக்கு வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. ஆயா வழக்கம்போல, பருப்பு வந்ததா என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டது. "இன்னாம்மா, நீ இன்னாத்துக்கு இன்னிக்கு வூட்ல கீற?" அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தியது. ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை உதறி, எங்கள் திண்ணையில், எனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. புடவையில் சொல்யூஷன் வாடை இன்னும் போகவில்லை. வலது கை ஆள்காட்டி விரலால் இடது கைக் கட்டை விரல் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது, மெஷின் ஊசி பழைய காலத்தில் எப்போதோ ஏறி இறங்கிய இடமாம் அது. ஆயாவும் மறுபடி கேட்கவில்லை. கொள்ளில் கல் பொறுக்க ஆரம்பித்தது. நடுப்பகல் வரை மூன்று பேரும் அப்படியே இருந்தோம். நான் அன்று அனுப்ப வேண்டிய மெய்ப்பு அப்படியே கிடந்தது.

மறுநாள் விடிகாலையில் அம்மாவை வாக்கரில் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தபோது தெரு வழக்கம்போல் பரபரத்துக்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் ஹாரன் கேட்டது. அக்கா தலை பின்னி, கனகாம்பரம் வைத்து, டிபன் பை இல்லாத கையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது.